மேல் சுழி போன எழுத்து

எங்க தெருவுல என் தம்பி பேரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. செங்கல்னு கேட்டா நாய்கூட எழுந்து வந்து வழி காட்டும். ஒரு போன் அடியோட படுத்துட்டா, பட்டனை அழுத்தினாலும் எரியாம, சார்ஜ் போட்டாலும் முழிக்காம கிடந்தா, போன் ரிப்பேர்த் தொழில்ல 'செங்கல் ஆயிடுச்சு'ம்பாங்க. ஆரம்பத்துல இவன் கை வெச்ச போன்ல பாதி செங்கலாத்தான் திரும்பிப் போச்சு. எல்லாத்தையும் அடுக்கியிருந்தா எனக்கு ஒரு சமையல்கட்டே கட்டியிருக்கலாம். இப்ப அப்படியில்ல, மத்தவன் செங்கலாக்கின போனையெல்லாம் இவன்கிட்டதான் கொண்டு வர்றாங்க. பேரு மட்டும் ஒட்டினது ஒட்டினதுதான்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கடை, நடுவுல ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நானும் என் தையல் மிஷினும். அந்தப் பக்கம் அவனும், வயர் குப்பையும், பழைய கம்ப்யூட்டர் ஒண்ணும். தடுப்பெல்லாம் பேருக்குத்தான். அவன் பெருமூச்சு விட்டா என் ஊசியில நூல் ஆடும். வாய்க்கு வந்தபடி திட்டறது நான், கேட்டுக்கிட்டே வேலை பாக்கறது அவன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொறந்த தங்கச்சி வேற ஊர்ல இருக்கா. அப்பா அவ வீட்டுலதான் இருந்தாரு.

அவன் செய்யற வேலைக்குப் பேரு 'ரூட்' பண்றது. கம்பெனிக்காரன் போன்ல ஒரு பூட்டு போட்டுத்தான் விப்பானாம். நாம வாங்கின போனுக்கு நாமளே வாடகைக்கு இருக்கறவங்க மாதிரியாம். இவன் அந்தப் பூட்டை உடைச்சு சாவியை நம்ம கையில குடுப்பான். அப்புறம் கம்பெனி போட்ட சாஃப்ட்வேரைத் தூக்கி எறிஞ்சுட்டு வேற ஒண்ணை ஏத்துவான். பழைய போன் குதிரை மாதிரி ஓடும். ஓடும்கிறது பாதி நேரம். மீதி நேரம் வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்ட கதைதான். கேமரா திறக்காது, பேங்க் ஆப் 'உன் போன் சரியில்ல, போ'ன்னு கதவைச் சாத்திடும், ஆன் பண்ணா கம்பெனி லோகோ வந்து வந்து போகும், உள்ள போகவே போகாது. அதையெல்லாம் ஒண்ணொண்ணா சரி பண்றதுதான் இவன் பொழப்பு. இவனோட சொந்த போனைப் பத்திக் கேக்கவே வேணாம். புதுசா எது வந்தாலும் முதல்ல அதுலதான் ஏத்திப் பாப்பான். அதனால அவனுக்குக் கால் போகாது, வராது, மெசேஜ் மட்டும் வரும். வீட்டுல எல்லாரும் பழகிட்டோம், அவனுக்கு எதுன்னாலும் எழுதித்தான் போடுவோம்.

வில்லங்கம் எழுத்துலதான் ஆரம்பிச்சது. கண்ணு சரியில்லாத வாடிக்கைக்காரங்க, எழுத்து பொடிசா இருக்கு, படிக்க முடியலன்னு புலம்புவாங்க. இவன் என்ன பண்ணான், தானே உக்காந்து குண்டு குண்டா ஒரு தமிழ் எழுத்து வரைஞ்சான். ரூட் பண்ணின போன்லதான் அதைப் போட முடியும். போட்டுக் குடுத்தான். எல்லாருக்கும் ஒரே குஷி. ஒரு குறைதான் சொன்னாங்க. மெசேஜ் வந்த உடனே போனோட உச்சியில ஒரு பட்டையில ஒரு வரி காட்டுமில்லையா, அந்தப் பட்டையில இவனோட குண்டு எழுத்துக்கு இடம் பத்தல. மெய்யெழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி வெட்டுப்பட்டுப் போச்சு. இவன் புள்ளியைக் கொஞ்சம் கீழ இறக்கி வெச்சான். சரியாயிடுச்சு. அதோட அந்தக் கதை முடிஞ்சதுன்னு நெனச்சான்.

ஒரு நாள் காலையில, நான் ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்குக் கை வெட்டிக்கிட்டிருக்கேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் 'ஹக்'னு ஒரு சத்தம். தொண்டையில எதுவோ மாட்டின மாதிரி. அப்புறம் நாற்காலி விழுந்துச்சு. கத்தரியைப் போட்டுட்டு ஓடினேன். தம்பி தரையில உக்காந்திருக்கான். மூஞ்சியில ரத்தமே இல்ல.

"டேய், என்னடா? கரண்ட் அடிச்சிடுச்சா?"

"அக்கா..." போனை நீட்டினான். திரை அணைஞ்சு போயிருந்துச்சு.

"என்னன்னு சொல்லித் தொலைடா!"

"அப்பா... ஆஸ்பத்திரியிலயே... அக்கா, அப்பா செத்துட்டாங்களாம்."

அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னே யாரும் சொல்லலையே, முந்தின நாள்கூட என்கிட்ட வம்பளந்தாரேன்னு தலைக்குள்ள ஓடுது. ஆனா வாயில ஒண்ணும் வரல. இந்த வாயிலயா வரலன்னு நீங்க கேப்பீங்க. வரல. அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நானும் தரையில உக்காந்துட்டேன். வாசல்ல துணி வாங்க வந்த அம்மா அப்படியே நிக்கறா.

என்ன தோணுச்சோ, என் போனை எடுத்துப் பாத்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் குடும்பக் குழுவுல போட்டிருந்தாரு. அந்த மனுஷன் போன்ல பேசவே மாட்டாரு, எதுன்னாலும் குழுவுலதான் போடுவாரு, அதுவும் வார்த்தைக்கு வரி கட்டற மாதிரி. 'மாமாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க.'

ரெண்டு தடவை படிச்சேன். மூணாவது தடவை வாய் விட்டுப் படிச்சேன்.

"டேய் கூறுகெட்டவனே! சேத்துட்டாங்கடா! சே! ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க! உசுரோட இருக்காருடா அப்பா!"

அவன் என் போனையும் பாக்கறான், தன் போனையும் பாக்கறான். பேயறைஞ்ச மாதிரி இருக்கான். என்னை மெசேஜ் அனுப்பச் சொன்னான். 'சே'ன்னு ஒத்தை எழுத்து அனுப்பினேன். உச்சிப் பட்டையில 'செ'ன்னு வந்துச்சு. தொட்டுத் திறந்தா 'சே'. மறுபடி பட்டையில 'செ'. கொம்புக்கு மேல இருக்கற சுழியைப் பட்டை சீவி விட்டிருக்கு. புள்ளியை இறக்கின மகராசன் சுழியை மறந்துட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. "ஏன்டா, பெத்த அப்பனைப் பத்தி எவனாவது செத்துட்டாங்கன்னு எழுதுவானா? தவறிட்டாருன்னுதானே எழுதுவான்? அதை யோசிக்க வேணாமா? மெசேஜைத் திறந்தாவது பாக்க வேணாமா?"ன்னு முதுகுல நாலு வெச்சேன். அவன் அழுதுக்கிட்டே சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே அழுதான். துணி வாங்க வந்த அம்மா தண்ணி கொண்டு வந்து குடுத்தா.

தங்கச்சிக்கு என் போன்ல கூப்பிட்டேன். மூச்சு வாங்குச்சாம், பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டு போய் சேத்தாங்களாம், பயப்பட ஒண்ணுமில்ல, ரெண்டு மூணு நாள் வெச்சுப் பாக்கணுமாம். நடந்த கூத்தை அவகிட்ட சொன்னேன். அவ அப்பாகிட்ட சொல்லியிருக்கா. மூக்குல மூச்சுக் குழாய் இருக்கு, அந்த நிலைமையிலயும் அப்பா சிரிக்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. "அவனை வரச் சொல்லு. செத்த அப்பனை ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு"ன்னாரு.

அன்னிக்குச் சாயங்காலமே கிளம்பறதாத்தான் இருந்தோம். தம்பி பையைக்கூட எடுத்து வெச்சுட்டான். அப்புறம் திடீர்னு நாற்காலியில உக்காந்துட்டான்.

"அக்கா, இதே எழுத்து ஊர்ல எத்தன பேர் போன்ல இருக்கு தெரியுமா?"

"அதுக்கு?"

"பாதிப் பேர் வயசானவங்க. நெஞ்சு வலிக்காரங்க. இன்னிக்கு எனக்கு வந்த மாதிரி நாளைக்கு ஒருத்தருக்கு வந்து, பக்கத்துல நீ இல்லாம இருந்தா?"

"அப்பாவைப் பாத்துட்டு வந்து பண்ணுடா. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்."

"ஒரே நாள் அக்கா. அப்பாதான் நல்லாருக்காரே, சிரிக்கறாரே. நாளைக்கு எல்லாரையும் வரவெச்சு அந்த எழுத்தை எடுத்துட்டு நிம்மதியா போலாம்."

அவன் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. அப்படித்தான் நின்னோம்.

மறுநாள் கடை வாசல்ல கூட்டம். வந்தவங்க சொன்ன கதையெல்லாம் கேட்டு எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், திகில் ஒரு பக்கம். எப்பவும் என்கிட்ட தைக்கற டீச்சர் ஒருத்தங்க முகத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தாங்க. என்னன்னு கேட்டா, 'நீங்க கேட்ட துணி வந்திருக்கு'ன்னு நான் அனுப்பினது அவங்களுக்கு 'நீங்க கெட்ட துணி'ன்னு போயிருக்கு. தண்ணி கேன் போடறவர் தன் பொண்டாட்டிக்கு, 'அம்மாகிட்ட போய் சொல்றேன்'னு எழுதியிருக்காரு. பட்டையில சுழி போய், 'அம்மாகிட்ட பொய் சொல்றேன்'னு வந்திருக்கு. அந்தம்மா ஒரு வாரம் அவரோட பேசலையாம். ஐயோ கடவுளே, ஒரு சுழி இல்லாம ஒரு தெருவுல எத்தன சண்டைடா! வாழ்க்கை பூரா கோணல் எழுத்தையும் நேராப் படிச்சுப் பழகின ஜனங்க. 'வரென்'னு இருந்தாலும் 'வரேன்'னுதான் கண்ணு படிக்கும். அதனாலதான் ஒருத்தரும் வந்து குறை சொல்லல. ரெண்டு பக்கமும் அர்த்தம் வர்ற வார்த்தையிலதான் குழி விழுந்திருக்கு.

ஒவ்வொரு போனா எடுத்துச் சரி பண்ணிக்கிட்டே வந்தான். கூரியர்காரர் போன்லதான் மாட்டினான். எழுத்தை எடுத்ததும் போன் லோகோவுலயே நின்னுடுச்சு. வருது, போகுது, வருது, போகுது. அந்த மனுஷனுக்கு அந்த போன்தான் சோறு. அதை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. அன்னிக்குப் பகல் அதுல போச்சு. அடுத்த நாள் காலையிலயும் அதோடதான் மல்லுக்கட்டினான். ரூட்டை பேங்க் ஆப்புக்குத் தெரியாம மறைக்கன்னு முன்ன ஒரு குட்டி சாஃப்ட்வேர் போட்டிருந்தானாம். அதுவும் இந்த எழுத்தும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிச்சாம். ஒவ்வொண்ணா அணைச்சு, திரும்ப எழுப்பி, மறுபடி அணைச்சு... தங்கச்சி நடுவுல ஒரு தடவை என்கிட்ட கேட்டா, "அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு, எப்பக்கா வர்றீங்க?" இன்னிக்குச் சாயங்காலம் நிச்சயம்னேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம். "வந்துருச்சு அக்கா! எழுந்துருச்சு!" கூரியர்காரர் கை தட்டறாரு. அதே நேரம் தம்பி போன்ல டிங்குன்னு ஒரு சத்தம். தன் போன்ல அவன் எல்லாருக்கும் முன்னாடியே சரியான எழுத்தைப் போட்டுட்டான். இந்தத் தடவை பட்டையைப் பாத்துட்டு விடல. ஒழுங்கா திறந்து, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சான்.

"அக்கா! மச்சான் போட்டிருக்காரு. அப்பா போய்ட்டாங்களாம்!"

"எங்கடா?"

"எங்க, வீட்டுக்குத்தான்! ஆஸ்பத்திரியில அனுப்பிட்டாங்க போல. மெதுவா கிளம்பி வாங்கன்னு போட்டிருக்காரு."

அந்தக் குரல்ல இருந்த சந்தோஷத்தைக் கேக்கணுமே. மிஷின்ல துணி ஓடிக்கிட்டிருக்கு, நான் திரும்பிக்கூடப் பாக்கல. அப்பாடான்னு இருந்துச்சு. அவன் உடனே பதில் எழுதிட்டு எனக்கும் படிச்சுக் காட்டினான். 'ரொம்ப சந்தோஷம் மச்சான். இப்பதான் நிம்மதி. வேலையை முடிச்சுட்டு சாயங்காலம் வர்றோம்.'

முடிச்சோம். கடையைச் சாத்தினோம். அப்பாவுக்குப் பிடிச்ச ஆப்பிள் ஒரு பை வாங்கினோம். பஸ்ல அவன் ஜன்னலோரம் உக்காந்து, அப்பாவோட போனுக்கு என்ன எழுத்து போடலாம்னு பேசிக்கிட்டே வந்தான். நான் போனை எடுத்துப் பாத்தேன். அவன் எழுதினதை எல்லாரும் படிச்சிருக்காங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை பதில் எழுதல.

"என்னடா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல?"

"அப்பா வந்த சந்தோஷத்துல இருப்பாங்க அக்கா, நீ வேற."

தங்கச்சி தெரு திரும்பினோம். வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி வரிசையா போட்டிருந்தாங்க. படிக்குக் கீழ செருப்பு, குவியல் குவியலா. தம்பி இன்னும் பையை ஆட்டிக்கிட்டே நடக்கறான். நாற்காலியில இருந்தவங்க எங்களைப் பாத்ததும் பேச்சை நிறுத்தினாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் எழுந்து நின்னாரு, எங்க கிட்ட வரல.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. போய்ட்டாங்க. போய்ட்டாங்கன்னா போய்ட்டாங்க. ஐயோ, ஒரு சுழி குறையல, ஒரு புள்ளி குறையல, எல்லா எழுத்தும் சரியாத்தானே இருந்துச்சு!

தங்கச்சி வாசப்படிக்கு வந்தா. தலை கலைஞ்சு, கண்ணு வீங்கி, கையில போன். திறந்தபடியே வெச்சிருந்தா. தம்பி முகத்துக்கு நேரா நீட்டினா. அவன் எழுதினதுதான் அதுல இருந்துச்சு.

"சந்தோஷமாடா உனக்கு?" குரல் கிழிஞ்சு போயிருந்துச்சு. "நிம்மதியாச்சாடா? கடைசி வரைக்கும் உன்னைத்தானடா கேட்டாரு. வேலையை முடிச்சுட்டு வரேன்னு எழுதியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா?"

ஆப்பிள் பை அவன் கையில இருந்து விழுந்துச்சு. அவன் அவளையே பாக்கறான். அவளைத் தாண்டி கூடத்துல பாக்கறான். அங்க அப்பா கால் மட்டும் தெரியுது, வெள்ளைத் துணியில.

"வீட்டுக்குப் போய்ட்டார்னு நெனச்சேன் சின்னக்கா"ன்னான்.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியல. புருஷன் பக்கம் திரும்பிப் பாத்தா. மறுபடியும் போனைப் பாத்தா, அவர் எழுதின ரெண்டு வரியை உதட்டை அசைச்சு அசைச்சுப் படிச்சா. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டா. படி இறங்கி வந்து அவன் கையைப் பிடிச்சா.

"வீட்டுக்குத்தான்டா வந்திருக்காரு"ன்னா. "உள்ள வா."

செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனோம்.