அண்ணிக்குச் சொல்லாத நவமி

என் அண்ணரின் திதி நாளை அண்ணிக்குச் சொல்லாமல் மறைத்தேன். மறந்துபோகவில்லை, தெரிந்தே மறைத்தேன். பிறகு பழியைக் கைத்தொலைபேசியின் மேல் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன், எழுபத்துமூன்று வயதில் செய்த வேலை அது.

அண்ணர் ஓர் ஆடி மாதத்து வளர்பிறை நவமியில் இறந்தார். கண்டாவளையில் அவருடைய வளவும் என்னுடைய வளவும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு வேலிதான். நாட்காட்டியில் திதி போட்டிருக்கும், அண்ணிக்கு வாசிக்கவும் தெரியும். ஆனால் நவமி ஒரு நாள் தொடங்கி மறுநாள் முடிந்தால் எந்த நாளை எடுப்பது என்பதில் அவருக்குத் தடுமாற்றம். ஆகவே வருடாவருடம் நான் பஞ்சாங்கம் பார்த்து, போய்ச் சொல்வேன். அவர் வீடு கழுவி, மீன் மச்சம் விலக்கி, அண்ணருக்குப் படைப்பார். எனக்கும் ஞாபகம் குறைந்துவிட்டதால் சில வருடங்களாகத் தொலைபேசியில் ஒரு குறிப்புச் செயலியில் நாளை எழுதி, நாலு நாள் முந்தியே நினைவூட்டும்படி வைத்திருந்தேன்.

அந்த வருடம் தை மாதம் அண்ணி தன் காணியின் மேற்கு மூலையில் அரை ஏக்கரை, அண்ணரின் வயலில் வேலை செய்தவரின் குடும்பத்துக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர். இப்போது குடும்பத்தைப் பார்ப்பவர் அவருடைய மகன்; நாற்பது வயது இருக்கும். காலையில் வயல், பகலில் பரந்தன் சந்தியில் தொலைபேசி திருத்தும் கடை. அண்ணர் படுக்கையில் கிடந்த மாதங்களில் தூக்கி இருத்தியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அவர்தான். எனக்கு முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு நான் கதிரையில் இருந்தேன். இருந்தும், என்னிடம் ஒரு சொல் கேட்காமல் எங்கள் காணியை வெளியாருக்குக் கொடுக்கிறாரே என்று எனக்கு எரிந்தது. அவர்களைக் குறிக்க நான் அப்போது பாவித்த சொல்லை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் நினைவூட்டல் சரியாகக் காலை ஏழு மணிக்கு வந்தது. ‘அண்ணர் திதி. அண்ணியிடம் சொல்ல வேண்டும்.’ கீழே ‘முடிந்தது’, ‘நாளைக்கு’ என்று இரண்டு பொத்தான்கள். நான் ‘நாளைக்கு’ என்பதை அழுத்தினேன். காணியைக் கேட்காமல் கொடுத்தவர், திதி எந்த நாள் என்றாவது என்னிடம் வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். ஐந்து நாளும் அப்படியே செய்தேன்.

நவமியன்று நான் மட்டும் குளித்து, மரக்கறி காய்ச்சி, அண்ணரின் படத்துக்குப் படைத்து, காகத்துக்கும் வைத்தேன். ஒன்பது மணிபோல மீன்காரரின் மோட்டார் சைக்கிள் அண்ணியின் வாசற் படலையில் நின்றது.

“ஒட்டி மீன் நேத்தையானோ?”

“இப்பதான் கடலால வந்ததம்மா. கண்ணைப் பாருங்கோ.”

“உன்ர கண்ணைப் பாத்தே நான் மீன் வாங்கிறது? மீன்ர கண்ணைக் காட்டு.”

இருவரும் சிரித்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் கையில் செம்புடன் நின்றேன். ஒரு சொல் போதும். சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மீன் குழம்பு கொதிக்கும் மணம் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

பின்னேரம் அந்தக் குறிப்பை அழித்தேன். குறிப்புப் போனது, ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அறிவித்தல் மறுபடி வந்தது. திரையின் உச்சியில் அதே வரி. விரலால் தள்ளினால் அசையாது. தொட்டால் வெறும் வெள்ளைப் பக்கம் திறக்கும். தொலைபேசியை நிறுத்தி மறுபடி போட்டேன். அது எனக்கு முந்தியே வந்து நின்றது. யாரும் அழைத்தால்கூட அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு கிழமை கழித்து அண்ணி வந்தார்.

“தம்பி, ஆடி முடியப்போகுது. உங்கட அண்ணருக்கு எண்டைக்கு வருகுது, பாத்தனீங்களோ?”

நான் தொலைபேசியை நீட்டினேன். “இதைப் பாருங்கோ அண்ணி. இறுகிப்போய் நிக்குது. நேரத்துக்கு அடிக்கேல்லை. எனக்கும் தெரியாமப் போச்சுது. போன செவ்வாய் நவமி.”

அவர் விரல் மடித்து எண்ணினார். ஒரு விரலில் நின்றுவிட்டார். பிறகு என் வாசற்படியில் இருந்தார்.

“செவ்வாய் மீன்காரன் வந்தவன். அவற்ர திதியண்டு நான் மீன் காய்ச்சித் திண்டிருக்கிறன், தம்பி.”

அழவில்லை. சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். “போனைக் கொண்டு வாங்கோ. பரந்தன் கடைப் பெடியன் பாத்துத் தருவான். வாற வருசமும் இப்பிடி நடக்கக்கூடாது.”

எத்தனை சாட்டுச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. பின்னேரம் அண்ணியின் விறாந்தையில் அந்தக் கடைக்காரரின் முன்னால் போய் இருந்தேன். அவர் அப்போதுதான் கடை பூட்டி வந்திருந்தார்.

“என்னங்க ஐயா, போன் கோவிச்சுக்கிச்சா? எதையாவது அழிச்சீங்களா?”

“குறிப்பை அழிச்சனான்.”

“அதாங்க. குறிப்பு போயிருச்சு, அதோட நினைவூட்டல் போகல. அழிச்சத திருப்பி எடுத்து, நினைவூட்டல நிப்பாட்டிட்டு, அப்புறமா அழிக்கணும்.”

செயலியின் குப்பைத் தொட்டியைத் திறந்தார். அழித்தவை முப்பது நாள் அங்கே கிடக்கும் என்பது எனக்குத் தெரியாது. குறிப்பு திரும்பி வந்தது. அதன் அடியில் ஐந்து வரிகள். ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், ‘நாளைக்குப் பிற்போடப்பட்டது’. ஐந்தாவது, நவமியன்று காலை ஏழு மணி இரண்டு நிமிடம்.

அவருடைய பெருவிரல் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். நான் முற்றத்தைப் பார்த்தேன்.

“என்ன மோனை, என்ன பிழையாம்?” அண்ணி தேத்தண்ணியோடு வந்தார்.

“செயலியிலதாம்மா கோளாறு. நேரத்துக்கு அடிக்கல.”

இரண்டு மூன்று இடத்தில் தொட்டார். உச்சியில் நின்ற வரி போய்விட்டது. தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

அன்றிரவு எனக்கு நித்திரையில்லை. அடுத்த நாள் பரந்தனுக்கு பஸ் ஏறி அவருடைய கடைக்குப் போனேன். ஒரு தொலைபேசியின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன் எனக்காகப் பொய் சொன்னனீர்?”

“உங்களுக்காக இல்லைங்க ஐயா.” தலையை நிமிர்த்தவில்லை. “அம்மாவுக்காக. மீன் சாப்பிட்டதே அவங்களுக்குத் தாங்கல. நீங்க தெரிஞ்சு செஞ்சீங்கன்னா என்ன பண்ணுவாங்க? சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க. என் தலைல வைக்காதீங்க.”

அண்ணி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நாள் தள்ளிப்போட்டது, மீன்காரர் வந்தபோது வேலியில் நின்றது, நான் மட்டும் படைத்தது. திருவலை நின்றது.

“என்ன காய்ச்சினனீங்கள்?”

“பூசணிக்காய், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். பாயாசம்.”

“சவ்வரிசிப் பாயாசமோ?”

“ஓம்.”

“அவருக்கு அது விருப்பம்.” மறுபடி திருவத் தொடங்கினார். பாதித் தேங்காய் முடிந்தபின், “ஒருக்கா வேலியால கூப்பிட்டிருக்கலாம்” என்றார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தவறிய திதியை அமாவாசையில் கொடுக்கலாம் என்று கோயில் ஐயர் சொன்னார். அரிசி, காய்கறி எல்லாம் நானே வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். அண்ணி படைத்தார். கடைக்காரரின் வீட்டாருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அவர்களோடு இருந்து சாப்பிட்டேன். அந்த அரை ஏக்கருக்குப் பிரதேச செயலகத்தில் உறவினரின் சம்மதக் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். ஆறு மாதமாகத் தட்டிக்கழித்துவந்த கையெழுத்தை அடுத்த கிழமை போய் வைத்தேன். கடைக்காரர் நன்றி சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இருந்தது.

இந்த வருடம் ஆடி பிறந்ததும் பஞ்சாங்கத்தோடு காத்திருந்தேன். அண்ணி கேட்கவில்லை. நானாகப் போவோமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவரே வந்தார்.

“தம்பி, வாற புதன்கிழமை உங்கட அண்ணருக்குத் திதி. சாப்பிட வாங்கோ.”

தன்னுடைய தொலைபேசியில் அந்தக் கடைக்காரரைக் கொண்டு நாளைப் போடுவித்திருக்கிறார். என்னுடைய பஞ்சாங்கத்தில் அது வியாழன். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சில நாழிகை வித்தியாசம் இருக்கும். அதில் நாள் மாறிவிடும். வாயை மூடிக்கொண்டிருக்கத் துணிவு வரவில்லை.

“அண்ணி, என்ர கணக்கில வியாழன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“இருக்கட்டும். நான் புதன் எண்டு சொல்லிப்போட்டன்.”

புதன்கிழமை போனேன். வியாழக்கிழமை என் வீட்டில் நான் தனியாகப் படைக்கவில்லை.