லூர்துராஜின் இங்கிலீஷ் டிஸ்கோ

பாட்டு எத்தனை வகை என்று மைக் செட் லூர்துராஜிடம் கேட்டால் ஆறு என்பார். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், மாரியம்மன், மாதா. வடக்கனந்தலில் அவர் வீட்டுப் பரணில் ஆறு தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் பெயர். கேசட் போய் பென் டிரைவ் வந்த பிறகும் அவர் பெட்டிகளை விடவில்லை. விரல் நீள டிரைவ்கள் அந்தப் பெரிய பெட்டிகளுக்குள் பொரி மாதிரி உருண்டுகொண்டிருக்கின்றன. எந்தப் பெட்டியிலும் சேராதது ஒன்று உண்டு. அது எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

அது வந்த கதையே ஒரு கூத்து. தொண்ணூற்று மூன்றில் ஒரு கல்யாணத்துக்காக, திருக்கோவிலூர் ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிஷக் கேசட்டைக் கொடுத்து ஆட்டப் பாட்டாக அடித்துத் தரச் சொன்னார். கடைக்காரர் கைக்குக் கிடைத்த எதையோ அடித்து, மேலே ‘இங்கிலீஷ் டிஸ்கோ’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கல்யாண வீட்டில் போட்டதும் ஒருவரும் ஆடவில்லை. பெண்ணின் தாய்மாமன் அடிக்கவே வந்துவிட்டார். லூர்துராஜ் மட்டும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மயிர்க்கூச்செறிய நின்றார். யாரோ வெள்ளைக்காரர்கள் கிட்டாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு யாருக்கும் பணியாமல் வாசிக்கிறார்கள். அன்றைக்குக் கெட்டவர்தான், இன்றுவரை திருந்தவில்லை.

இருபது வருஷம் அது யார் பாட்டென்றே அவருக்குத் தெரியாது. மகள் நான்சிதான் போனைக் காட்டிக் கண்டுபிடித்துச் சொன்னாள். கிளாசிக் ஆல்பமாம், உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்களாம். பாட்டுக்குக் கீழே கமெண்டில் நடந்த சண்டையையும் வாசித்துக் காட்டினாள். ஹார்ட் ராக் என்றான் ஒருவன், ஹெவி மெட்டல் என்றான் இன்னொருவன், ரெண்டும் இல்லை ப்ளூஸ் என்று மூன்றாமவன் ரெண்டு பேருடைய அம்மாவையும் இழுத்திருந்தான். “இவங்கள்லாம் பாட்ட கேட்டாங்களா இல்லியா?” என்று கேட்டுவிட்டு லூர்துராஜ் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கிளாசிக்குக்கு அவரிடம் வேறு அளவுகோல். புளியமரத்தில் ரெண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் போட்டுவிட்டு, கரும்புத் தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய் நிற்பார். அங்கே மெருகு, மினுக்கு ஒன்றும் வந்து சேராது. அதையும் மீறி ஆளைப் பிடித்து உலுக்கினால்தான் கிளாசிக். நான்சி காட்டிய பட்டியலில் பாதி அந்தத் தோட்டத்தைத் தாண்டவில்லை. இன்னொரு சட்டமும் உண்டு. ஆல்பம் என்றால் முதலிலிருந்து கேட்க வேண்டும். பிடித்த பாட்டுக்குத் தாவுகிறவனை, பந்தியில் உட்கார்ந்ததும் பாயசம் கேட்கிறவனைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார்.

கேசட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு முழுசாக இல்லை. கிட்டார் மேலே மேலே ஏறிப் போகும்போது டேப் தீர்ந்து படக்கென்று அறுந்துவிடும். அறுந்த பிறகும் நாலு நிமிஷம் பாட்டு இருக்கிறது என்று நான்சி போனில் போட்டுக் காட்டினாள். பொறுமையாகக் கேட்டார். “இது தேவையில்ல” என்றார். பென் டிரைவில் ஏற்றியபோதும் அந்த அறுப்போடுதான் ஏற்றினார்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மாதா கோயில். இருபத்தெட்டு வருஷமாகத் திருவிழாவுக்கு அவர் செட்டுதான். கொடியேற்றத்தன்று சரியாக ஐந்தரைக்கு, செட்டைச் சோதிக்க அந்த முதல் பக்கத்தைப் போடுவார். ஆறு மணிக்குப் பாட்டு அறும். அறுந்த நொடியில் கூட்டம் ‘மரியே வாழ்க’ என்று குரல் கொடுக்க, கொடி ஏறும். யாரும் இப்படி ஏற்பாடு செய்யவில்லை. ஃபாதருடைய கார் எப்போதும் தாமதம், கோயில் மணியோ மூன்று தடவை அடிக்கும், எதையும் நம்ப முடியாது. ஊர் இந்தப் பாட்டை நம்பிப் பழகிவிட்டது.

இந்த வருஷம், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குப் புதுச் செயலாளர் பிரிட்டோ. கள்ளக்குறிச்சியில் பேங்க் வேலை என்றாலும் மாதா கோயில் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். கூட்டத்தில் போனை நீட்டினான். போனுக்குள் அந்தப் பாட்டுக்குப் பெயர் ‘ஹெவி மெட்டல்’ என்றிருந்தது. ஹெவி மெட்டல் என்றால் சாத்தானுக்குப் பாடுவது, அதுவும் போட்டிருக்கிறது என்றான். மாதா பாட்டு மட்டும்தான் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு செட் என்று முடிவானது.

லூர்துராஜுக்குக் காது சிவந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் டிஸ்கோவாக இருந்தபோது வராத சாத்தான், பெயரை மாற்றியதும் வந்து உட்கார்ந்துகொண்டானாம். “திருவிழா முச்சூடும் மாதா பாட்டு போடறேன். செட்ட டெஸ்ட் பண்றது என் பாட்டு. அது இல்லன்னா டெஸ்டும் இல்ல” என்று எழுந்து வந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷத் திருவிழாவை ஒரு பாட்டுக்காக விடுவீர்களா என்று மனைவி அமலோற்பவம் இரவெல்லாம் கேட்டாள். விடுவேன் என்றார்.

கொடியேற்றத்தன்று குழாய்களைக் கட்டினார், ஒயரை இழுத்தார், நாற்காலியைப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். ஐந்தரை ஆனது. டிரைவ் சட்டைப் பையிலேயே இருந்தது. மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவந்து வருஷா வருஷம் கடை போடும் கரியன், கட்டிய மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். “இன்னாங்க, பாட்டு போட்டாத்தான நான் கடைய விரிப்பேன்?” என்றார்.

ஆறு மணிக்குக் கோயில் மணி மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. கொடிமரத்தடியில் பத்துப் பேர் நின்றார்கள். ஃபாதர் பூவேலை செய்த பெரிய அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்குள் போய் அழைத்தவர்களுக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்: இன்னும் பாட்டே போடவில்லை, அதற்குள் என்ன கொடி?

பிரிட்டோ தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

“போடுங்க மாமா. கடைசி அஞ்சு நிமிஷம் போட்டா கூட போதும், ஜனம் வந்துடும்.”

“போட்டா மொதல்லேர்ந்துதான் போடுவேன். முப்பது நிமிஷம். ஃபாதரும் நிக்கட்டும், நீயும் நில்லு.”

பிரிட்டோ ஃபாதரைத் திரும்பிப் பார்த்தான். ஃபாதர் ஒரு நாற்காலி கேட்டார்.

முதல் டிரம்ஸ் விழுந்ததும் தெருக்களில் கதவுகள் திறந்தன. ஈரத் தலையை முடிந்துகொண்டு பெண்கள் வந்தார்கள், வேட்டியை இறுக்கிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். கரியன் மூட்டையை அவிழ்த்தார். பத்தே நிமிஷத்தில் மைதானம் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் லூர்துராஜ் ஒரு நொடியையும் தாண்டவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. குழாயில் கிட்டார் மேலே ஏறத் தொடங்கியது.

அப்போதுதான் பார்த்தார். பாட்டு அறுவதற்கு ஒரு மூச்சு முன்பே பிரிட்டோவின் ரெண்டு கையும் கயிற்றில் இருந்தன, வாய் பாதி திறந்திருந்தது. படக்கென்று அறுந்தது. அந்த நொடியே ‘மரியே வாழ்க’ என்று எழுந்த முதல் குரல் அவனுடையது. ஊர் அதற்குப் பிறகுதான் சேர்ந்தது.

லூர்துராஜ் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கொடிமரத்தடிக்குப் போனார். அவனுக்கு மட்டும் கேட்கிறாற்போல், “சாத்தான் பாட்டு எங்க நிக்கும்னு உனக்கு எப்பிட்றா தெரியும்?” என்றார்.

பிரிட்டோ கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான். கொடி பாதி மரம் தாண்டியிருந்தது.