அம்மா எடுத்த கோடி

எங்கம்மா கூட சேலைக்கடைக்குப் போறதுன்னா சோத்தையும் கட்டிக்கிட்டுத்தான் போகணும். அக்கா கல்யாணத்துக்கு ஹட்டன்ல ஒரு கடை விடாம ஏறி இறங்கி, அக்கா ஆசைப்பட்ட மாம்பழக் கலரை "அழுக்கு தெரியும்"னு தள்ளிட்டு, அரக்குல ஒன்னை எடுத்துட்டு வந்தாங்க. அக்கா அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பா.

அந்த அக்காதான் பூண்டுலோயாப் பக்கம், கட்டிக்கொடுத்த தேயிலைத் தோட்டத்துல செத்துப்போனா. படியில வழுக்கி விழுந்துட்டான்னு அவ புருஷன் போன் பண்ணினான். நான் தலவாக்கலையில வேலை செஞ்சதால முதல்ல போய்ச் சேர்ந்தேன். அழுதுக்கிட்டே அக்கா கழுத்துல சுத்தியிருந்த துண்டை நான் விலக்கினா, விரல் பதிஞ்ச நீலம். படி கழுத்தைப் பிடிக்குமா?

வெளியே வந்து டயகமையில இருந்த அம்மாவுக்குப் போன்ல சொன்னேன். அம்மா அழல. "நான் கோடியோட வாரேன். அதுவரைக்கும் தூக்க விடாத"ன்னு வச்சிட்டாங்க.

அவனுக்கோ அவசரம். மழை வருது, இன்னைக்கே எரிச்சிடுவோம்னு நின்னான். எரிச்சிட்டா அந்தக் கழுத்தும் போயிடும். ஆனா பொறந்த வீட்டுல இருந்து கோடிச் சேலை வந்து போர்த்தாம ஒரு பொம்பளையைத் தூக்குறது எங்க தோட்டத்து லயத்துப் பக்கம் நடக்காத காரியம். "அது எப்படிப்பா?"ன்னு அவனோட சொந்தப் பெரியப்பாவே எந்திரிக்கல.

அம்மாவுக்குப் போன் போட்டா, "கொட்டகலைக்கு வந்திருக்கேன்டி, ஒரு கலரும் பிடிக்கல"ங்கிறாங்க. கொட்டகலை வழியிலகூட இல்ல! திரும்பப் போட்டா, பச்சையில முந்தி நல்லா இல்லையாம். அவன் போனைப் பிடுங்கி, "எதையாவது எடுத்துட்டு வாங்க அத்தை"ன்னு கத்துறான்.

"இருங்க மாப்பிள்ளை, கடைசிச் சேலை, பார்த்துத்தானே எடுக்கணும்."

சாவு வீட்டுல பிளேன்டி ஊத்தி ஊத்தி சீனியே தீர்ந்துபோச்சு. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. பெத்த மக கிடக்கா, இந்த நேரத்துலயுமா இந்தம்மாவுக்குக் கலர்?

கடைசியில பொலிஸ் ஜீப் வந்து நின்னுச்சு. அதுல இருந்து அம்மா இறங்குறாங்க, பின்னாடியே, அவங்க துணைக்குக் கூட்டிட்டு வந்த சித்தப்பா. அவ்வளவு நேரமும் பொலிசுலதான் இருந்திருக்காங்க. சித்தப்பா சிங்களத்துல பேச, முறைப்பாட்டை எழுதுற வரைக்கும் அம்மா பெஞ்சை விட்டு அசையலையாம்.

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"ன்னு சண்டைக்குப் போனேன்.

"உன் மூஞ்சி ரேடியோ மாதிரிடி. ஊருக்கே சொல்லிடும்."

அது உண்மைதான்.

பிரேதப் பரிசோதனையில கழுத்தை நெரிச்சதுன்னு வந்துச்சு. வழக்கு இன்னும் நடக்குது, தவணை மேல தவணை. அவன் பக்கத்துல இருந்து சமாதானம் பேச ஆள் வருவாங்க. அம்மா தேத்தண்ணி கொடுத்து, எல்லாத்தையும் கேட்டுட்டு, சேலைக்கடையில பிதுக்குற மாதிரியே உதட்டைப் பிதுக்கி அனுப்பிடுவாங்க. அம்மா அலுத்துப்போய் வழக்கை விட்டுடுவாங்கன்னு நினைக்கிறாங்க போல. பாவம், எங்கம்மா கூடக் கடைக்குப் போய்ப் பழக்கமில்லாதவங்க.

போன தவணைக்குக் கோர்ட்டுக்குப் போறப்ப பஸ்ல சித்தப்பாகிட்ட கேட்டேன், அந்தக் கோடியை எப்பதான் எடுத்தீங்கன்னு. பொலிசுக்குப் போக முன்னாடியேவாம். கண்ணுல பட்ட முதல் கடையில. விரிச்சுக்கூடப் பார்க்காம, "அந்த மாம்பழக் கலரைக் கொடுங்க"ன்னாங்களாம்.

அதை மடியில வச்சுக்கிட்டுத்தான், ஒரு கலரும் பிடிக்கலன்னு எனக்குப் போன்ல சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.