மாணிக்கம் மாமாவின் நாலாவது சரணம்

இரும்புத் துருவும் பீடியும் கலந்த அந்த வாசனை எங்காவது பஸ் நெரிசலில் மூக்கில் ஏறினால் போதும், ஒன்பது வயதில் ஒரு மனிதரின் காதுக்குள் நான் எதையோ சொல்லிக்கொண்டு நின்ற மதியம் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. காது நினைவிருக்கிறது, அதன் மடலிலிருந்த பழைய வெட்டுத் தழும்பு நினைவிருக்கிறது, சொன்னது மட்டும் நினைவில்லை. அந்தக் காதுக்குச் சொந்தக்காரரான ‘தகரம்’ மாணிக்கம் போன வாரம் திருவொற்றியூரில் இறந்துபோனார்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு ஏற்றி இறக்குவது அவருக்கு வேலை, அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, கட்டைகளை அமுக்கிக் கம்பியை மீட்டும் தன் ‘புல்புல்தாரா’வைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுக் கானா கட்டுவார். ஒரு சாவில் பாடியதை இன்னொரு சாவில் பாடமாட்டார், எழுதியும் வைக்கமாட்டார். எழுதத் தெரியாது என்பது வேறு விஷயம். பாட்டு கட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டின் சின்னப் பிள்ளையைத் தேடிப் பிடித்து, குனிந்து காதைக் கொடுத்து, செத்தவரைப் பற்றி ஒரு சேதி கேட்பார். “பெரியவங்கள கேட்டா, செத்த எருமை கொடம் பால் கறந்துச்சின்னுதான் சொல்லுவாங்கோ. கொழந்தைங்கதான் உள்ளத சொல்லும்” என்பது அவர் கட்சி. பிள்ளை சொன்ன சேதி கடைசிச் சரணமாக வரும்.

என் அப்பா டிரெய்லர் லாரி ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட, ‘ஆர்பர்’ என்கிற துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே கண்டெய்னர் வரிசையில் இரண்டு நாள், மூன்று நாள் என்று நின்றார் என்பதுதான் சரி. அப்படி நின்ற ஒரு நாள் ஸ்டீரிங்கில் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, திட்டத்தான் இறங்கி வந்தாராம். மாணிக்கம் மாமா அப்பாவுக்கு தோஸ்து. வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், என்னைத் தேடிப் பிடித்துக் காதைக் கொடுத்தார், பிறகு உட்கார்ந்து பாடினார்.

“வரிசையில நின்னு நின்னே வயச தொலச்ச நைனா,
வரிசையில்லா ஊருக்குப் போவ அவசரந்தான் இன்னா?”

தெருவே அழுதது. நாலு சரணம் பாடியதாகச் சொல்வார்கள், ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் கடைசிச் சரணம் நினைவில்லை என்பார்கள். எனக்கு இந்த முதல் சரணம்தான் தங்கியது.

அதற்கும் காரணம் இருக்கிறது. சாவுப் பாட்டை வீட்டுக்குள் பாடக்கூடாது, பாடினால் இன்னொரு சாவைக் கூப்பிட்டதாகும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது நான் தெரியாத்தனமாக அதை முணுமுணுத்துவிட, அம்மா கரண்டிக் காம்பாலேயே ஒன்று வைத்தாள். “இன்னொரு பொணத்துக்கு வெத்தல பாக்கு வெக்கிறியாடி?” அதோடு வாயை மூடினேன். தெருவில் பாடலாமென்றால், பெரியவளான பிறகு தெருவும் இல்லை. பாடாத பாட்டு எத்தனை நாள் தங்கும்? பிற்பாடு ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் மாமாவைப் பார்த்து, அந்தக் கடைசிச் சரணத்தை மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு நினைவிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. “அது உங்கப்பனுக்குக் குடுத்தது கண்ணு, குடுத்தத திருப்பிக் கேக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தம்பி கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. நல்ல காரியத்தில் சாவுப் பாட்டுக்காரன் முகத்தில் விழிக்கக் கூடாதாம். படித்தவள் நான், எனக்காவது வாய் இருந்திருக்க வேண்டும், பேசாமல்தான் இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அத்தனை வீட்டுக்குப் பாடிய மனிதருக்கு எந்த வீட்டிலும் நல்ல நாளில் ஒரு வாய்ச் சோறு கிடைத்ததில்லை.

நாங்கள் இப்போது புழலில் இருக்கிறோம். சேதி வந்ததும் நானும் அம்மாவும் இரண்டு பஸ் மாறிப் போனோம். ஸ்பீக்கர் பெட்டியோடு இரண்டு இளைஞர்கள் பாட வந்திருந்தார்கள். “பேரு, வயசு, ஏரியா மட்டும் சொல்லுக்கா, மீதி ரெடியா கீது” என்றான் ஒருவன். சின்னப் பிள்ளையைக் கேட்கமாட்டீர்களா என்றேன். “இன்னாத்துக்குக்கா?” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. மாமாவின் பேத்தி, நாலு வயதிருக்கும், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அதனிடம் யாரும் குனிந்து காதைக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனவர்கள் தலைமுழுகாமல் உள்ளே நுழையக் கூடாது என்பதால், திரும்பி வந்ததும் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மோட்டார் அறையை ஒட்டிய குழாயடியில் கட்டிய சேலையோடு நின்றோம். அம்மா ஒரு குவளைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, “இன்னும் வூட்டுக்குள்ள போவல இல்ல?” என்றாள். பிறகு பாட ஆரம்பித்தாள். கரண்டிக் காம்பால் அடித்த அதே அம்மா, ஒரு சொல் பிசகாமல், ஒன்று, இரண்டு, மூன்று சரணம் பாடிவிட்டு நிறுத்தினாள்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் எனக்கு மயக்கம் வந்துடுச்சே. தண்ணி தெளிச்சி எழுப்பும்போது தூக்கறதுக்கு மேளம் அடிச்சிக்கினு இருந்தாங்கோ. நாலாவது நீ சொன்னதாச்சே. இன்னாடி சொன்ன?”

“தெரிலமா.”

அம்மா என்னையே பார்த்தாள். “ஒனக்குத் தெரியும்னு இல்ல இத்தினி நாளும் நான் நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள்.

அப்பாவைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்திருந்த ஒரு சேதி இந்த உலகத்தில் ஒரே ஒரு காதில் பத்திரமாக இருந்தது. அந்தக் காதை அன்று மதியம்தான் மண்போட்டு மூடினார்கள். அம்மா இன்னொரு குவளை மொண்டு என் தலையில் ஊற்றினாள்.