கோழிக்கூடு சாத்தியாச்சா

எனக்கு வயது எழுபத்தாறு. பெத்தது ஐஞ்சு, வளர்த்தது ஆறு. அந்த ஆறாவது ஆள்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கிறாள், என்ர பேத்தி தர்சி. நான் படிச்சது மூண்டாம் வகுப்பு, என்ர எழுத்து எனக்கே விளங்காது, ஆனா புத்தியில ஒரு குறையும் இல்ல, அதை முதல்லயே சொல்லி வைக்கிறன். பேய், முனி, செய்வினை ஒண்டையும் நான் நம்பினதில்ல. மட்டக்களப்பில பிறந்து பேயோட்டுற கட்டாடிக்கு ஒரு சதமும் குடுக்காத பொம்பிளை நீ ஒருத்திதான் எண்டு என்ர புருசன் சாகுமட்டும் பகிடி பண்ணினவர். அப்பிடிப்பட்ட நான் சொல்றன், நம்புறதும் விடுறதும் உங்கட பாடு.

சுனாமி வந்த காலமை நான் இவளைத் தூக்கிக்கொண்டு வட்டைக்குப் போயிருந்தன், வயலில நிண்டதால நாங்க ரெண்டு பேரும் தப்பினம். மாங்கேணிக் கரையில வீட்டில நிண்ட என்ர கடைசி மகள் சாந்தியை, இவளைப் பெத்தவளை, புருசனோட சேர்த்துக் கடல் கொண்டு போயிற்று. சாந்தியைக் கண்டெடுத்து அடக்கினது என்ர மூத்தவன் யோகன். நீங்க பார்க்க வேணாம் அம்மா எண்டான். அதுக்கு மேல ஒரு சொல் அவன்ட வாயால வரல்ல, நானும் கேக்கல்ல.

பிறகு முகாமில கூடாரத்துக்குள்ள இருக்கக்குள்ள, பொழுது படுற நேரம் சாந்தி கேக்கத் தொடங்கினாள். பயப்படுத்துற குரல் இல்ல, வீட்டில நாளும் கேக்கிற மாதிரித்தான், அம்மா, கோழிக்கூடு சாத்தியாச்சா எண்டு. நானும் சாத்தியாச்சு மகள் எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டு என்ர பாட்டில வேலை பார்ப்பன். கூடுமில்ல, கோழியுமில்ல, கிழவி ஆரோட கதைக்கிறாள் எண்டு பக்கத்துக் கூடாரத்தில கதை. யோகன்ட பெண்சாதி கட்டாடியைக் கூட்டி வந்தாள். வேப்பிலையோட வந்தவர் வந்த வழியால போனார், நான் போக வைச்சன். அப்பதான் யோகன் சொன்னான், புத்தி பேதலிச்ச ஆளிட்டப் புள்ளைய எப்பிடி விடுறது, அனாதைப் பிள்ளைகளை வளர்க்கிற இல்லத்தில சேர்ப்பம் எண்டு.

எனக்கு வந்த கோபத்தை என்னெண்டு சொல்ல. இது நோய் எண்டா அதுக்கு டொக்டர் இருக்கார், குளிசை இருக்கு, குடிச்சுக் காட்டுறன், அதுவரைக்கும் புள்ளையில கை வைக்காத எண்டு சொல்லிப்போட்டு நானாத்தான் பஸ் ஏறினன். செக் பொயின்டில எங்க போறாய் எண்டு அரைகுறைத் தமிழில கேட்ட ஆமிக்காரனுக்கும் விசருக்கு மருந்தெடுக்கப் போறன் எண்டன். அவன் பையைக்கூடத் திறக்காம விட்டுட்டான்.

ஆஸ்பத்திரியில என்னை மறிச்சு வைச்ச வாட்டில டொக்டர் சின்னப் பொடியன், நல்ல பிள்ளை. மகளைக் காப்பாத்தேலாமப் போன குற்ற உணர்ச்சி உங்கட மனசில இருக்கும் அம்மா எண்டார். எனக்கென்ன குற்றம் தம்பி, வந்தது கடல் எண்டன். கொழும்பில இருந்து ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளையள் வேற, ரெண்டு கிழமையா மனம் சோர்ந்து இருந்ததா, இல்லையா, சில நாளா, அனேகமான நாளா எண்டு படிவத்தைப் பார்த்துக் கேட்டாங்க. ஊரில அனேகமான வீடு இல்ல மகன், நீங்களே பார்த்து ஒண்டைப் போடுங்க எண்டன். அந்தப் பிள்ளை பேனைய மூடி வைச்சிற்று.

ஆனா குளிசை வேலை செய்தது, அதில பொய் சொல்லக் கூடாது. முதல்ல வாய் காய்ஞ்சுது, கை நடுங்கிச்சு, பிறகு நல்ல நித்திரை வந்தது, சாந்தி கேக்கிறது மெல்ல மெல்ல நிண்டு போச்சு. குரல் அடங்கினாச் சரி, மகனோட நானே கதைக்கிறன், புள்ள உங்களிட்டத்தான் எண்டார் டொக்டர்.

பக்கத்துக் கட்டில்ல காத்தான்குடிப் பொம்பிளை, சரீபா. பெத்த பிள்ளையளை எல்லாம் அதே கடலுக்குக் குடுத்தவ. அண்டையில இருந்து வாய் திறக்கல்ல. குளிசை குடுத்தாங்க, தலைக்குக் கரண்ட் வைச்சாங்க, டொக்டர் கதிரையப் போட்டுப் பக்கத்தில இருந்து கதைச்சும் பார்த்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு அப்பிடியே கிடப்பா.

ஒரு பின்னேரம், நல்ல வெயில், நோயாளியளைப் பார்க்க வந்த சனம் சாப்பாட்டுப் பார்சலோட நிக்குது, யோகனும் வந்தான். இல்லத்தில கதைச்சிட்டன் அம்மா, வாற கிழமை புள்ளைய விடப் போறன் எண்டு நிலத்தைப் பார்த்துச் சொல்றான். நான் வாயைத் திறக்க முதல் சரீபா திரும்பினா. என்னைப் பார்த்து, நேத்தும் கதைச்ச ஆள் மாதிரி, "அக்கா, வாசல்ல உங்கட புள்ள நிக்கா. கோழிக்கூடு சாத்தியாச்சா எண்டு கேக்கா" எண்டா.

வாசல்ல ஒருத்தரும் இல்ல. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல்ல.

"தலை ஈரம்" எண்டா. "ஆம்பிளைச் சேட்டு போட்டிருக்கா, நீலக் கோடு போட்டது. மேல் பொத்தான் இல்ல."

யோகன் நிலத்தில இருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்தான். "அம்மா, அது என்ர சேட்டு. தங்கச்சி உடுப்பில்லாமக் கிடந்தாள், கழட்டி அவளுக்குப் போட்டுத்தான் அடக்கினன். நான் ஆருக்கும் சொல்லல்ல அம்மா."

சரீபா எங்களைக் கவனிக்கல்ல. வாசலைப் பார்த்து, "சாத்தியாச்சு புள்ள, நீ போய்ப் படு" எண்டா.

டொக்டரிட்டச் சொல்லாதீங்க, பிறகு உங்களை விட மாட்டாங்க எண்டு யோகன் கையைப் பிடிச்சான். மறைக்க நான் என்ன களவா எடுத்தன் எண்டு போய் ஒண்டு விடாமச் சொன்னன். நீங்க நித்திரையில புலம்பினதை அவ கேட்டிருப்பா அம்மா எண்டார் டொக்டர். சரி தம்பி, சேட்டுக் கதை எனக்கே தெரியாதே எண்டன். எனக்குத் தெரியாதம்மா எண்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பிள்ளையில எனக்கு மரியாதை. பிறகு, குரல் உங்களுக்குக் கேக்குதா எண்டார். இல்ல எண்டன். அப்ப நீங்க வீட்ட போகலாம் எண்டார். இவளைக் கொண்டு வந்து என்ர மடியில வைச்சவனும் அதே யோகன்தான்.

அதுக்குப் பிறகு சண்டை வந்து நாங்க திரும்பவும் ஓடினதும், எல்லாம் முடிஞ்சு மாங்கேணிக்கு வந்து சேர்ந்ததும் வேற கதை. சரீபா சுகமாகி இப்ப வாய் ஓயாமக் கதைக்கிறா, அண்டைக்குச் சொன்ன ஒண்டும் அவவுக்கு நினைவில்ல. நான் இண்டைக்கும் குளிசை குடிக்கிறன். சாந்தி கேட்டது என்னிட்ட, பதில் சொன்னது வேற ஆள், அதோட அவள் கேக்கிறதை விட்டிட்டாள். அதை என்னால விழுங்கேலாது.

இப்ப வளவில கோழி நிக்குது. சில நாள் பொழுது பட, நான் வேணுமெண்டே கூட்டைச் சாத்தாம விடுறனான். கீரி தூக்கினாத் தூக்கட்டும், ஒருக்காக் கேட்டிட்டுப் போகட்டும் எண்டு. ஒரு சத்தமும் வராது. விடிய எழும்பிப் பார்த்தா கூடு சாத்தி, கொளுக்கி போட்டுக் கிடக்கும்.

தர்சிதான் சாத்துறாள் எண்டு சொல்லுவீங்க. இருக்கலாம். இவளிட்ட நான் கேட்டதில்ல. இப்பவும் தலை நிமிராமத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். கேக்க மாட்டன்.

எங்க, தர்சி, முதல்ல இருந்து ஒருக்கா வாசி. நீயா ஏதும் சேர்த்து எழுதியிருந்தா அதை விட்டிட்டு, நான் சொன்னதை மட்டும் வாசி.