ரெண்டு கோட்டும் காணாமல் போன ஜன்னலும்

அந்தப் பெயிண்டரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரெண்டு கோட்டு' என்றால்தான் திரும்புவார். விரிசலா, கறையா, கதவு கிறீச்சிடுகிறதா, எதைக் காட்டினாலும் "ரெண்டு கோட்டு அடிச்சா சரியாப் போயிடும்" என்பார். ஒரு வீட்டில் சுவரோடு சேர்த்துப் பல்லிக்கும் அடித்துவிட்டார். பல்லி தப்பித்துவிட்டது, வால்தான் இன்னமும் இளநீலமாக அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் படுக்கையறையிலேயே பூசணம் பிடித்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து கறுப்பாகக் கிளம்பிப் பாதிச் சுவரை வளைத்துக்கொண்டது. அவர் மனைவிக்கு ஏற்கெனவே இழுப்பு. அறைக்குள் கால் வைத்தாலே நெஞ்சு விசிலடிக்கும். "முதல்ல வீட்ல ஈரம் இல்லாம பாத்துக்குங்க" என்றார் டாக்டர்.

"டாக்டருக்கு சுவத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று இவர் வெள்ளை அடித்தார். பூசணம் அதன் மேலேயே வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. கடைசியில் ரோஷம் பொத்துக்கொண்டு வர, பூசணத்தின் நிறத்திலேயே பெயிண்ட் கலந்து சுவர் முழுக்க அடித்துவிட்டார்.

"இப்ப எங்க இருக்கு, காட்டு பாப்போம்!"

"கண்ணுக்குத் தெரியலங்க. மூக்குக்குத் தெரியுதே" என்றாள் மனைவி.

அடுத்த வாரமே அந்தக் கறுப்புச் சுவரில் வெள்ளைப் பூசணம் பூத்தது. அவள் பெட்டியை எடுத்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க சுவரெல்லாம் அழுக்குதான். ஆனா மூச்சு விட முடியுதுங்க." அவள் இல்லாமல் அந்த வீட்டில் அவருக்கு என்ன இருக்கிறது?

ஞாயிறு காலை, அறைக்குள் கொடியில் காயாமல் நாறிக்கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு அவள் பின் சந்துக்குப் போனாள். அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, நம்ம படுக்கையறைக்கு ஜன்னல் இருக்கா?"

"இல்லையே."

"இங்க ஒண்ணு தெரியுதே!"

"பக்கத்து வீட்டோடதா இருக்கும்."

"பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நம்ம சுவத்துல என்னங்க வேலை?"

பெயிண்டர் பீரோவை நகர்த்திச் சுவரைத் தட்டிப் பார்த்தார். டொக், டொக், ணங்! அப்போதுதான் நினைவு வந்தது. குடிவந்த புதிதில் வெயிலில் கண் கூசியதால் கண்ணாடிக்கு ரெண்டு கோட்டு அடித்தவர் அவர்தான். அப்புறம் சட்டத்துக்கு, தாழ்ப்பாளுக்கு. கடைசியில் அதை மறைத்துப் பீரோவையும் நிறுத்தி, ஜன்னலையே மறந்துபோயிருந்தார். அட கடவுளே!

பட்டி பார்க்கும் தகட்டால் பெயிண்டைச் சுரண்டி, நெம்பி, தோளால் இடித்துத் திறந்தார். காற்று குபீரென்று உள்ளே வந்தது. மனைவி வாசலில் நின்று உத்தரவு போட, மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவித் துடைத்தார். கொடியை வெளியே கட்டினார். பீரோவைச் சுவரில் ஒட்டாமல் தள்ளி வைத்தார்.

சாயங்காலம் அவளை அழைத்துப்போகச் சகலை வந்தார். பெட்டியைத் தூக்கியவர் திணறிப்போனார். "என்னம்மா இந்தக் கனம் கனக்குது?"

"வீட்ல கெடந்த பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும்தான் அத்தான். நான் வரல. இதுங்கள மட்டும் கூட்டிட்டுப் போங்க."

"ஜன்னல் சட்டம் மட்டும் வெறுமனே நிக்குது" என்று ரெண்டு கோட்டு மெல்ல இழுத்தார். "அதுக்கு மட்டும் ஒரு..."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். தெருமுனை வரை கேட்டது. எங்கேயும் நிறுத்தவில்லை, இரைக்கவில்லை, நடுவில் ஒரு விசில்கூட இல்லை. ரெண்டு கோட்டு கண்கலங்க நின்று, கடைசி வார்த்தை வரை சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.