ஜோசப்பின் கேட்ட கேள்வி

மன்னார் தபாற்கந்தோரில் பதினாறு வருடம் தந்தி அடித்தவர் ஜோசப்பின். கல்யாணம் செய்யவில்லை. பங்குச் சுவாமியார் சொன்னால் சரி, கந்தோரில் பெரியவர் சொன்னால் சரி என்று வளர்ந்தவர். 1985இல் அவருடைய தம்பியைச் சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோனபோது, "முகாம் வாசலில போய் நிக்காதேங்கோ, விசயம் பெரிசாயிடும்" என்று எல்லாரும் தடுத்தார்கள். அவர் போகவில்லை. தம்பி திரும்பி வரவும் இல்லை.

1987 பெப்ரவரியில் நியூயோர்க் வழியாகப் பஃபலோவுக்கு வந்து, பாலத்தைக் கடந்து, கனடா எல்லையில் அகதி என்று சொன்னார். அமெரிக்கா வழியாக வருகிற அகதிகள் விசாரணை நாள்வரை அங்கேயே காத்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் கனடா விதியை மாற்றியிருந்தது. ஆறு வாரம் கழித்து வரும்படி ஒரு கடதாசியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பஃபலோவில் ஒரு தேவாலய மண்டபம் அவருக்கு இடம் கொடுத்தது. கத்தோலிக்கக் கோயில் அல்ல. மாதா சுரூபம் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கொடி நின்றது. எல்சல்வடோர் போரிலிருந்து ஓடிவந்த, அமெரிக்கா அகதிகளாக ஏற்காத இரண்டு குடும்பங்களும் அங்கே இருந்தன. மண்டபத்துக்குப் பொறுப்பு ரூத் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை.

ஒருநாள் காலை இரண்டு குடிவரவு அதிகாரிகள் வந்து, உள்ளே இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டார்கள். ரூத் மா பிசைந்த கையோடு வாசலை மறித்து நின்றார்.

"நீதிபதி கையெழுத்து வைத்த கடதாசி இருக்கிறதா?"

இல்லை என்றார்கள்.

"அப்படியென்றால் கோப்பி குடித்துவிட்டுப் போங்கள்."

அவர்கள் கோப்பி குடிக்காமலே போனார்கள்.

ஜோசப்பின் உள்ளிருந்து வாசலுக்கு வந்தார். கொன்வென்ரில் படித்த ஆங்கிலத்தில், "அது உங்களுடைய அரசாங்கம்தானே?" என்று கேட்டார்.

"என்னுடையதுதான். அதனால்தான் கேட்கிறேன்" என்றார் ரூத். "அரசன் சொல்லும் கோயிலில் கும்பிட மாட்டோம் என்று கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள் என்று முப்பது வருடம் படிப்பித்தேன். அப்படி வந்த நாங்களே அடிமைகளை வைத்திருந்தோம் என்றும் படிப்பித்தேன். இரண்டும் இந்த நாடுதான்."

அதன்பின் இரண்டு மூன்று நாள் ஜோசப்பினுக்குத் தம்பியின் நினைவாகவே இருந்தது. தான் முகாம் வாசலுக்குப் போயிருந்தால் தம்பி வந்திருப்பான் என்று அவர் நினைக்கவில்லை. ஒருதரமாவது போய்க் கேட்டிருக்கலாம் என்றுதான் நினைத்தார்.

ஏப்ரலில், கடதாசியில் குறித்த நாளில் எல்லையைக் கடந்து ரொறன்ரோவுக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிறுகளில் தமிழ்ப் பூசை, வெள்ளைக்காரப் பங்கு ஒன்று இரவல் கொடுத்த கோயிலில் நடந்தது. புதிதாக வருகிற அகதிகள் வீடு கிடைக்கும்வரை அதன் நிலவறையில் தங்கலாம். 1988 ஒக்ரோபரில் ஒருநாள், பூசை முடிந்ததும் சபைத் தலைவர் அமிர்தநாதர் எழுந்து, இனி அங்கே ஒருவரும் தங்க முடியாது என்று அறிவித்தார். கீழே அப்போது மூன்று பெண்கள் இருந்தார்கள்.

"மேலிடத்து உத்தரவு. நாங்கள் ஒண்டும் செய்யேலாது."

மூன்றாவது வரிசை வாங்கில் ஜோசப்பின் எழுந்து நின்றார். "ஆர் போட்ட உத்தரவு, அண்ணை? எழுத்தில இருக்கோ?"

அமிர்தநாதர் முகம் சிவந்து, "உதெல்லாம் கோயிலுக்குள்ள கதைக்கிற கதையில்லை" என்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து ஜோசப்பின் பங்குத் தந்தையிடமே போனார். அந்த வெள்ளைக்காரக் குருவானவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி ஒரு உத்தரவு யாரும் போடவில்லை. அமிர்தநாதரின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. புதிய ஆட்களோடு தன் பெயரும் அடிபட்டால் தன்னையும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவரே சொன்ன கதை அது. மூன்று பெண்களும் அங்கேயே இருந்தார்கள். அமிர்தநாதர் தலைமையை விட்டுவிட்டுப் பூசைக்கும் வராமல் இருந்தார்.

ஒரு மாதம் பார்த்துவிட்டு ஜோசப்பின் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி றீற்றா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணை, எல்லாருக்கும் முன்னால உங்களைக் கேட்டது பிழை. தனியக் கேட்டிருக்கலாம்" என்றார் ஜோசப்பின். "ஆனா கேட்டது பிழையில்லை."

அமிர்தநாதர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். "எனக்குப் பயம், பிள்ளை."

"எனக்கும்தான் அண்ணை."

"தேத்தண்ணி ஆறுது" என்றார் அமிர்தநாதர். "குடியுங்கோ."